கையெழுத்துக் கேட்கப்படாத கைகள்

அமெரிக்க மக்களின் உள்ளத்தில் பேஸ்பால் ஆட்டம் பெற்றிருக்கும் இடம் பெரிது. 1920 முதல் 1950கள் வரையிலான காலத்தை அவ்வாட்டத்தின் பொற்காலம் என அதன் அன்பர்கள் போற்றுவர். அக்காலத்து வீரர்கள் கையொப்பமிட்ட பந்துகளையும் மட்டைகளையும் புகைப்படங்களையும் தேடிச் சேர்ப்பது அங்கே ஒரு தனிக் கலையாகவும் பெரும் வணிகமாகவும் வளர்ந்திருக்கிறது. எவர் கையொப்பம் மலிந்து கிடக்கிறது, எவருடையது அரிதாயிற்று என்று நோக்கினால், ஒரு சமூகம் யாரைப் போற்றியது, யாரைப் புறந்தள்ளியது என்னும் வரலாறும் அந்தச் சேகரங்களில் பதிந்திருப்பது புலப்படும்.

பந்தை வேலிக்கு அப்பால் அடித்துப் பெறும் ‘ஹோம் ரன்’கள் 714ஐக் குவித்த பேப் ரூத் (1895-1948), கையெழுத்துக் கேட்டு வந்தவர்க்கு இல்லையென்னாத வள்ளல். குழந்தைகள் சூழ்ந்துகொண்டால் மகிழ்வோடு எழுதித் தருவார். ஆதலால் அவர் கையொப்பம் அரிதன்று. விரும்புவோர் மிகப் பலராதலின் விலை உயர்ந்தது. 1920களின் இறுதிவரை ‘பேப்’ என்னும் செல்லப்பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவது அவர் வழக்கம். அச்சிறு குறிகளே இன்று காலத்தைக் கணிக்கத் துணைசெய்கின்றன.

1939 ஜூன் 12 அன்று நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஆட்டத்தின் புகழ் மண்டபம் திறக்கப்பட்டது. அதற்குத் தேர்வு பெற்றவர்களுள் அப்போது உயிரோடிருந்த பதினொருவரும் அன்று அங்கு வந்தனர். ரூத், டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர், வால்டர் ஜான்சன் முதலிய அப்பதினொருவரும் கையொப்பமிட்ட பந்து ஒன்று 2018இல் ஆறு இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று.

அந்த மண்டபத்தில் இடம் மறுக்கப்பட்ட ஒருவரின் கையொப்பமோ அதனினும் அரியது. தென் கரோலினாவின் பஞ்சாலையில் சிறு வயதிலேயே வேலைக்குச் சென்ற ஜோ ஜாக்சன் (1887-1951) எழுத்தறிவு பெறாதவர். 1919ஆம் ஆண்டு இறுதிப் போட்டிகளில் பணம் பெற்றுக்கொண்டு தோற்றதாக எழுந்த வழக்கில் 1921இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது; ஆயினும் ஆட்டத்தின் ஆணையர் அவரை வாழ்நாள் முழுதும் விலக்கினார். அத்தடை 2025இல்தான் நீக்கப்பட்டது. அன்பர்கள் கேட்ட கையெழுத்துகளைப் பெரும்பாலும் அவர் மனைவி கேட்டியே எழுதித் தந்தார். ஜாக்சன் தாமே எழுதியபோது, எழுத்தை ஓவியம்போல் பார்த்து வரைந்தார். அவ்வாறு அவர் வரைந்த பெயரைத் தாங்கிய 1911ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று 2021இல் 14 இலட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. எழுதத் தெரியாதவரின் எழுத்துக்குக் காலம் தந்த விலை அது.

விலை ஏறிய இடத்தில் பொய்யும் புகுந்தது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. நடத்திய சோதனைகளில் போலிக் கையொப்பங்கள் ஏராளமாகச் சிக்கின. அன்னை தெரசாவின் பெயர் பொறித்த பேஸ்பால் பந்துகளும் அவற்றுள் இருந்தன! பொய்யைக் காட்டிக்கொடுக்கப் பொருள்களே சாட்சியாகின்றன. பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945இல். 1941இல் மறைந்த லூ கெரிக்கின் பெயர் அம்மையில் இருந்தால் அது போலியே. பந்தின்மேல் அச்சிடப்படும் லீக் தலைவரின் பெயரும் அத்தகைய சாட்சி. அமெரிக்கன் லீக்கின் தலைவராக வில்லியம் ஹாரிட்ஜ் இருந்தது 1931 முதல் 1959 வரை. அவர் பெயர் அச்சான பந்தில், 1925இலேயே மறைந்த கிறிஸ்டி மாத்யூசனின் கையொப்பம் இருக்க வழியில்லை.

எழுதாத கைகளின் பெயரால் எழுத்துகள் பெருகிய கதை இது. எழுதவல்ல கைகளிடம் கேட்பார் குறைந்த கதை இன்னொன்று.

கூப்பர்ஸ்டவுனில் கூடிய பதினொருவருள் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. பெரிய லீக்குகளின் கதவு அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ‘நீக்ரோ லீக்’ எனப்பட்ட தனி அமைப்புகளிலேயே அவர்கள் ஆடினர். அவர்களுள் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவர் ஜோஷ் கிப்சன். 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் அவர் மறைந்தார். ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி நிறத்தடையை உடைத்தது அதே ஆண்டு ஏப்ரல் 15இல். மூன்று மாத இடைவெளியில் கிப்சன் அந்நாளைக் காணாது போனார்.

புகழ் மண்டபம் 1972இல் அவரை ஏற்றது. 2024இல் நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்கும் பெரிய லீக்குகளின் ஏடுகளில் சேர்க்கப்பட்டது. அதன்பின் வாழ்நாள் சராசரியில் டை காப்பை முந்தி, 0.372 என்ற எண்ணோடு கிப்சனே முதலிடம் பெற்றார். அவர் கையொப்பமோ இன்றும் சேகரிப்போர்க்கு எட்டாக்கனி. வெள்ளையர் வீரர்களைச் சூழ்ந்த கூட்டமும் சேகரிக்கும் வழக்கமும் அவரைத் தேடி அவ்வளவாக வரவில்லை. 

ஆட்டக் கணக்கைப் பிற்காலம் திருத்தி எழுத முடிந்தது. பட்டமும் பதக்கமும்கூட மறைந்தவர்க்கு வழங்கலாம். ஆனால் வாழ்ந்த நாளில் கேட்டு வாங்கப்படாத கையெழுத்தை எந்த நீதியும் பின்னர் வரவழைக்க இயலாது. மதிப்பை உரிய காலத்தில் காட்டத் தவறிய சமூகத்தின் சேகரத்தில் அந்த வெற்றிடம் நிலைத்து நிற்கிறது.