கல்லிலிருந்து காலுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் அறுத்து அடுக்கியிருக்கும் கிரானைட் பாளங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இடையிடையே கண்ணாடிச் சில்லு மாதிரி தெரிவது குவார்ட்ஸ். செயற்கைக் காலுக்குள் நுழைக்குமுன் வெட்டுப்பட்ட காலுக்கு மாட்டும் லைனர் என்னும் சிலிக்கோன் உறையும் அந்தக் குலத்தில் பிறந்ததுதான். குவார்ட்ஸைக் கரியோடு சேர்த்து மின் உலையில் காய்ச்சினால் சிலிக்கன் கிடைக்கும். அதைச் செம்பின் துணையோடு மெத்தில் குளோரைடோடு சேர்த்து, பிறகு நீரோடு வினைபுரிய வைத்துச் சங்கிலியாகக் கோத்தால் சிலிக்கோன். 1940 வாக்கில் அமெரிக்காவில் யூஜின் ரோக்கோவும் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனித்தனியே கண்ட வழி இது.

அது காலுக்கு வந்துசேர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அதுவரை பெரும்பாலும் கம்பளி உறையை மாட்டிக்கொண்டு, செயற்கைக் காலின் கெட்டியான சாக்கெட்டுக்குள் காலை நுழைத்தார்கள். அடி வைக்கும்போதெல்லாம் கால் உள்ளே ஏறி இறங்கும்; எலும்பு முனை உரசிப் புண்ணாகும். ஐஸ்லாந்துக்காரர் ஒசுர் கிறிஸ்டின்சன் (ஓசூர்க்காரர்களுக்குச் சொந்த ஊர்ப் பெயராகவே கேட்கும்) பிறவியிலேயே ஒரு கால் குறைந்தவர். செயற்கைக் கால் செய்வதையே தொழிலாகக் கற்றவர். 1971-இல் ரெய்க்யாவிக் நகரில் நிறுவனம் தொடங்கினார். 1980-களின் நடுவில் அவர் கொண்டுவந்த சிலிக்கோன் உறை தோலோடு ஒட்டி நின்றது. உராய்வைத் தோல் வாங்காமல் உறை வாங்கிக்கொண்டது.

இன்று ஓசூர்க்காரர் பலருக்கு லைனர் கிடைப்பது பெங்களூரில். அத்திப்பள்ளி தாண்டிப் போய் அளவு கொடுத்து வருவார்கள். ஓசூர் ஆலைகளில் பவர் பிரஸ் விரலையும் கையையும் வாங்கும். காலை வாங்குவது பெரும்பாலும் நெடுஞ்சாலை, அல்லது சர்க்கரை நோய். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த மாத்திரை சரியாகப் போய்ச் சேரும் வீட்டில் ஒரு கால் தப்பலாம்.

தப்பாத காலுக்கு முதலில் வருவது லைனர் அல்ல, கிரேப் பேண்டேஜ். அறுவைக்குப் பின் கால் வீங்கும். எட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. தலைகீழாகச் சுற்றினால் நுனி குமிழாகப் பருத்துவிடும். அவிழும்போதெல்லாம் மறுபடி சுற்ற வேண்டும், பகலில் பலமுறை. வீட்டில் இதைச் செய்வது அநேகமாக மனைவியோ அம்மாவோதான். அவர்களுக்கு நிதானமாகக் கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புண் ஆறியபின் ஷ்ரிங்கர் என்னும் இறுக்க உறை. இறுக்கம் வீக்கத்தை வடிக்கும். இல்லாத பாதம் வலிக்கிறதே என்று தவிக்கும் சிலருக்கு அந்த வலியையும் தணிக்கும்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் காலை அளக்கும் விதம் வேறு. 2025 வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, முழங்காலுக்குக் கீழே 8.89 செ.மீ.க்கு மேல் 12.70 செ.மீ. வரை மிஞ்சியிருந்தால் உழைப்புத் திறன் இழப்பு 50 சதவீதமாக இருந்தது. அங்குலத்தில் மூன்றரையும் ஐந்தும். அது நீளக் கணக்கு. ஒருமுறை அளந்தால் முடிந்தது. லைனருக்கு வேண்டியதோ சுற்றளவு, அதுவும் பல வகைகளுக்கு நுனியிலிருந்து 4 செ.மீ. மேலே. சுற்றளவு நிற்கவே நிற்காது. முதல் மாதங்களில் சதை வற்றும். அதன் பிறகும் காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் ஷிப்டு முடிவதற்குள் லொடலொடக்கும். அப்போது மேலே இன்னொரு சாக்ஸ் ஏற்றிச் சரிசெய்வார்கள். 'கால் கொடுத்தாயிற்று' என்று ஒரு விழா மேடையில் முடித்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதனால்தான். வற்றிய காலுக்குப் பழைய லைனர் தொளதொளக்கும். தொளதொளத்தால் புண், புண் வந்தால் விடுப்பு, விடுப்பென்றால் அன்றையச் சம்பளம் போயிற்று.

மாட்டுவதிலும் பக்குவம் உண்டு. உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, அடிப்பகுதியைக் கால் நுனியில் காற்றுப் புகாமல் வைத்து, மேலே உருட்ட வேண்டும். இழுத்தால் தோல் இழுபடும்; நகம் பட்டால் கிழியும். அடியில் பூட்டுக் கம்பி (பின்) உள்ள லைனர் என்றால், எழுந்து நின்று எடையைக் கொடுக்கும்போது அது சாக்கெட்டின் பூட்டில் 'டிக், டிக்' என்று இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகே அடியெடுத்து வைப்பார்கள்.

ஓசூர்க் காற்று குளிர்ந்தது என்பார்கள். ஆலைக்குள் எட்டு மணி நேரம் நிற்பவர் லைனருக்கு அது தெரியாது. சிலிக்கோன் வியர்வையை உறிஞ்சாது. நடுவில் ஒருமுறை கழற்றித் துடைத்தாக வேண்டும். அதற்கு ஒரு நாற்காலியும் ஐந்து நிமிடமும் மறைவும் தேவை. சூப்பர்வைசர் மனம் வைத்தால் கிடைக்கக்கூடியவை.

இரவு மிதமான சோப்பில் கழுவி, நன்றாக அலசி, வெயில் படாமல் காயவைக்க வேண்டும். இப்படிப் பேணினாலும் ஓராண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு மேல் விளிம்பு கிழியும், உள்பக்கம் மெலியும். நைட் ஷிப்டு முடித்து வந்து மதியமே மறுபடி போக வேண்டியவருக்கு இரண்டு லைனர் வேண்டும்: ஒன்று காலில், ஒன்று கொடியில்.