பதின்மூன்றாம் சீட்டு

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வட இத்தாலியின் மிலான் நகரை ஆண்ட ஸ்போர்சா குடும்பத்துக்கெனக் கையால் தீட்டப்பட்ட சீட்டுக்கட்டு ஒன்று உண்டு. அதில் 78 சீட்டுகள் இருந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. இன்று எஞ்சியிருப்பவை 74. ஒரு பகுதி இத்தாலியின் பெர்காமோ நகரிலும் மறுபகுதி நியூயோர்க்கின் மோர்கன் நூலகத்திலும் உள்ளன. நியூயோர்க்கில் உள்ளவற்றுள் ஒன்றில், பொன்னிறப் பின்னணியில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. ஒரு கையில் வில், மறு கையில் நீண்ட அம்பு, தலையில் துணிக்கட்டு. அதுவே மரணம்.

அரிவாள் ஏந்தாமல் அது வில் ஏந்தி நிற்பதற்குக் காரணம் உண்டு. 1347 முதல் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயை அக்கால மக்கள் வானிலிருந்து எய்யப்பட்ட அம்பாகவே கண்டனர். அம்புகள் தைத்த உடலுடன் சித்திரிக்கப்படும் புனித செபஸ்தியாரிடம் நோய்க்காலத்தில் மன்றாடியதும் அதனாலேயே.

இச்சீட்டுகளைக் கண்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குறிசொல்லும் தொழில். ஆனால் அது பிற்காலத்து வழக்கம். எகிப்திய ஞானம் இவற்றில் புதைந்துள்ளது என்று பாரிஸில் கூர் த ஜெபலின் எழுதியது 1781இல். அதற்கு முன்னைய மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக இவை விளையாடுவதற்கான சீட்டுகளே. குறிசொல்வோரைவிட ஆட்டக்காரர்களே இவற்றை நன்கு புரிந்திருந்தனர் என்பது என் துணிபு.

கிண்ணம், நாணயம், வாள், தடி என நான்கு இனங்கள். அவற்றுக்கு மேலாக 22 படச்சீட்டுகள். இவற்றுக்கு இத்தாலியர் இட்ட பெயர் 'திரியோன்ஃபி', அதாவது வெற்றிகள். நாங்கள் அரசியல் கட்டுரைகளில் அலுக்காமல் எழுதும் 'துருப்புச் சீட்டு' இச்சொற்குடும்பத்தின் தூரத்து உறவு. ஒருவர் கிண்ணத்து அரசனை இறக்க, கையில் கிண்ணம் இல்லாதவர் மரணத்தை இறக்கினால் அரசன் போய்விடுவான். பெரும்பாலான ஆட்டமுறைகளில் அரசனுக்குப் புள்ளி அதிகம். வென்ற மரணத்துக்கோ தனியான மதிப்பு எதுவும் இல்லை.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், சூதைக் கண்டித்துத் துறவி ஒருவர் எழுதிய இலத்தீன் பிரசங்கம் இந்த 22 சீட்டுகளையும் வரிசையாகத் தருகிறது. பேரரசர் 3, பாப்பரசர் 5, மரணம் 13. திருத்தந்தையைச் சூதாடிகள் தங்களுக்குத் தலைவராக்கிவிட்டார்களே என்று அவர் நொந்துகொள்கிறார். பேரரசரையும் பாப்பரசரையும் மரணம் வெல்வதில் புதுமையில்லை. கல்லறைச் சுவர்களில் மரணம் அவர்களைக் கைப்பிடித்து நடனமாட இழுத்துச்செல்லும் ஓவியங்கள் அக்காலத்தில் ஏராளம். ஆனால் சுவரோவியத்தில் கடைசிச் சொல் மரணத்துடையது, சீட்டுக்கட்டில் அப்படியல்ல. மரணத்தின் பின்னர் சாத்தான், மின்னல், விண்மீன், நிலவு, ஞாயிறு, வானதூதர், நீதி, உலகம் என எட்டுச் சீட்டுகள் அதனை வெல்கின்றன. 1348இல் கொள்ளைநோய்க்குத் தன் காதலி லோராவைப் பறிகொடுத்த கவிஞர் பெட்ரார்க், 'வெற்றிகள்' என்ற நெடும்பாடலில் அமைத்த ஒழுங்கும் இதுபோன்றதே. காதலைக் கற்பு வெல்லும், கற்பை மரணம், மரணத்தைப் புகழ், புகழைக் காலம், காலத்தை நித்தியம். மரணம் அங்கும் நடுவழியில்தான் நிற்கிறது.

பின்னாளில் பிரான்சில் அச்சான மார்செய் வகைக் கட்டுகள் பலவற்றில் மற்றப் படங்களுக்குப் பெயர் உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் பெயரில்லை, 13 என்ற எண் மாத்திரமே. இதைக் கண்டு நான் வியக்கவில்லை. 'மரண அறிவித்தல்' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டுவிட்டு, அதன்கீழ் 'இறந்தார்' என்பதைக் 'காலமானார்' என்றும் 'இறைபதமடைந்தார்' என்றும் பல்லாண்டுகள் திருத்திக் கொடுத்தவன் நான். ஆனால், நம்மூர்ச் செத்தவீடுகளில் பெட்டிக்குச் சில யார் தூரத்தில் விடியும்வரை கடதாசி விளையாடுவோருக்கு இந்தக் கூச்சம் எதுவும் கிடையாது.

துறவியின் மனக்குறை 1725இல் பொலோனா நகரில் வேறு வடிவில் தீர்ந்தது. அங்கே மொன்தியேரி என்ற குருவானவர், புவியியல் கற்பிக்கும் சீட்டுக்கட்டு ஒன்றை வெளியிட்டார். பாப்பரசரின் ஆள்புலமாக இருந்த பொலோனாவின் ஆட்சியைக் 'கலப்பு ஆட்சி' என்று அதில் குறித்திருந்தார். அந்த இரு சொற்களுக்காக அவர் கைதானார், சீட்டுகள் தீக்கிரையாகின. தணிக்கை என்பது ஒருமுறை புகுந்தால் கேட்ட இடத்தோடு நிற்பதில்லை. அதிகாரிகளின் கண் அடுத்து வழமையான கட்டின்மீது விழுந்தது. பாப்பரசர், பெண் பாப்பரசர், பேரரசர், பேரரசி ஆகிய நால்வரும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் நான்கு மூர் வீரர்கள் அமர்த்தப்பட்டனர்.

மரணத்தின்மீது எவரும் கைவைக்கவில்லை. பொலோனாவில் அந்த ஆட்டம் இன்றும் ஆடப்படுகிறது. கட்டில் பாப்பரசரும் இல்லை, பேரரசரும் இல்லை. துரோகிக்கு மேலே, சாத்தானுக்குக் கீழே, 13ஆம் சீட்டு தன் பழைய இடத்திலேயே இருக்கிறது.