திமிசு

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் தெலுங்கு தெரியாமல் முழித்துக் கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்கடன் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன இடத்தில் மேஸ்திரி "திம்மிச கொட்டு" என்று கத்தினார். அட, நம்ம ஊர் திமிசு!

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்ணை இடித்து இறுக்கும் கட்டைதான் திமிசு. கனமான மரத்துண்டில் கம்பு செருகினால் ஆயிற்று. இரண்டு பேர் தூக்குவதென்றால் பக்கத்துக்கொரு கைப்பிடி. பிற்பாடு வார்ப்பிரும்பில் வந்தது. அடிப்பாகம் மட்டும் தட்டையாக இருக்கவேண்டும், உருண்டிருந்தால் மண் பக்கவாட்டில் பிதுங்கிவிடும்.

தினமும் நான் ஆபீஸ் போகும் டாங்க் பண்ட், ஹுசேன் சாகரின் கரை. 1562-63ல் இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் கட்டியது. அப்போது ரோலர் ஏது? கூடை, கால், கட்டை, இவ்வளவுதான் இருந்திருக்கும். குளம் வெட்டிக் கரை போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒட்டர்கள். இங்கே வட்டெர என்பார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களில் பலர் வீட்டில் இன்றும் தெலுங்குதான். கட்டையும் சொல்லும் அவர்கள் தோளிலேயே ஊர் ஊராகப் போயிருக்கும் என்பது என் ஊகம். (காமர்ஸ் படித்தவன் ஊகம், மொழி அறிஞர்கள் மன்னிக்க!)

லாஸ் ஏஞ்சல்ஸ் எஞ்சினியர் பிராக்டர் 1933ல் ஒன்றைக் காட்டினார். ஒரே அளவு இடித்தாலும், குறிப்பிட்ட ஈரத்தில்தான் மண் அதிகபட்சமாக இறுகும். அவர் பெயரிலான சோதனையில் இன்றும் சுமார் இரண்டரைக் கிலோ சுத்தியலை ஓரடி உயரத்திலிருந்து விடுகிறார்கள், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. சின்ன திமிசேதான். நம் கொத்தனார்கள் மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். உருண்டை நிற்கவேண்டும், கையில் ஒட்டக்கூடாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது தாமதமாக. ஊரார் வீட்டுக்குக் கட்டம் கட்டமாகச் சோதித்துப் பணம் விடுவிக்கிற நான், என் வீட்டில் கோட்டை விட்டேன். காண்ட்ராக்டர் மூன்றடி மண்ணை ஒரே நாளில் கொட்டி, தண்ணீர் விட்டு, "தானே இறுகிடும் சார்" என்றார். இரண்டாம் மழைக்கு ஹால் டைல்ஸ் ஒரு விரற்கடை இறங்கியது.

தரையைப் பெயர்த்து மறுபடி போட்டோம். அணை கட்ட தேசமெங்கும் போன பாலமூர்க்காரர்கள் ஊரான மஹபூப்நகர் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அரையடி மண், கொஞ்சம் தண்ணீர், இடி. பத்து நாள் வேலை. கூலி கொடுக்கும்போது உள்ளங்கைகளைப் பார்த்தேன், பேரம் பேச வாய் வரவில்லை.

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டது ஒன்றுதான்: "ஏம்ப்பா, போன தடவையே திமிசு போடச் சொல்லலையா?"