தமிழர் அரபு கற்ற வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், நுவரெலியாவில் மழைக்காலத்துப் பிற்பகல் ஒன்றிலே, எங்கள் வித்தியாலயத்து மாணவி ஒருத்தியின் தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்திலே கொழுந்து பறிப்பவர். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பியவர். நனையாதபடி பொலித்தீன் உறையிலே சுற்றிய ஒரு கடதாசியை என் மேசைமீது வைத்து, "ஐயா, இதில என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அது முழுவதும் அரபு மொழியில் இருந்தது. அடியிலே அவருடைய கையொப்பம் மட்டும் தமிழில் இருந்தது.

கலைப் பட்டதாரி என்றும், முப்பதாண்டுக் காலம் ஆசிரியத் தொழில் பார்த்தவன் என்றும் பெயர் எடுத்த எனக்கு, அந்தக் கடதாசியின் தொடக்கம் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியவில்லை. ஊரிலே மௌலவி ஆசிரியர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னோம். அது வேலை ஒப்பந்தம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று அதிலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். நான்கு ஆண்டுகளில் ஒரு நாளேனும் ஓய்வு பெற்றறியாதவர் அவர்.

அன்றைக்கு எழுந்த கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம். அரபு நமக்குப் புதிய மொழியா? தமிழ் பேசும் மக்கள் இதற்கு முன் அதனைக் கற்றதில்லையா?

எங்கள் மாவட்டத்திலேயே விடையைத் தொடங்கலாம். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஆண்டுதோறும் யாத்திரிகர் செல்வதை நேயர்கள் அறிவீர்கள். அரபு நாட்டார் இலங்கையைச் சரந்தீப் என்று அழைத்தனர்; ஆதிபிதாவின் பாதம் பதிந்த மலை என்று இம்மலையைப் போற்றினர். மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா 1344ஆம் ஆண்டு இத்தீவுக்கு வந்தார். புத்தளப் பகுதியிலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவனது உதவியோடு மலைக்கு ஏறினார். பாறையிலே பிடித்து ஏறுவதற்கெனப் பதிக்கப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றியும் எழுதி வைத்தார். தமிழ் மன்னனும் மேற்குத் திசை யாத்திரிகரும் எந்த மொழியில் உரையாடினர் தெரியுமா? மன்னன் பாரசீகம் அறிந்திருந்தான் என்று அவரே குறித்துள்ளார். கடல் வாணிகம் செய்த அரசர்க்குப் பிறமொழி அறிவு அணிகலன் அன்று. முத்தும் கறுவாவும் விற்பதற்கு வேண்டிய கருவி.

இங்கிருந்து அவர் தமிழகத்துக்குக் கடந்து சென்றார். சோழமண்டலக் கரைக்கு அரபு நாட்டார் இட்ட பெயர் மஅபர் என்பது. கடந்து செல்லும் இடம், துறை, என்பது அதன் பொருள். அந்தக் கரையிலிருந்துதான் பிற்காலத்தில் நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் கடந்து வந்தனர் என்று எண்ணும்போது, இப்பெயரை இட்டவர் நம்மை அறிந்தே இட்டாரோ என்று தோன்றுகிறது.

காலியிலே 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லிலே 1409ஆம் ஆண்டுக்குரிய சாசனம் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகளில் வெட்டப்பட்டுள்ளது. பாரசீகப் பகுதி அரபு எழுத்தில் அமைந்தது. தமிழ் எழுத்தும் அரபு எழுத்தும் ஒரே கல்லில் அருகருகே நிற்பதை மாணவர்கள் ஒருமுறையேனும் நேரிற் காண வேண்டும்.

அருகருகே நின்றவை பின்னர் ஒன்றோடொன்று கலந்தன. அரபுத் தமிழ், அல்லது அர்வி, என்று வழங்குவது அதுவே. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபு நெடுங்கணக்கிலே இருபத்தெட்டு எழுத்துக்கள் உள்ளன. தமிழுக்குரிய பகரம் முதலிய ஒலிகள் சில அதில் இல்லை. ஆகவே இருந்த எழுத்துக்களோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்களை நம்மவர் ஆக்கிக்கொண்டனர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் கரையோர ஊர்கள் எங்கும் இம்முறை பரவியது. கடிதம், கணக்கு, மார்க்க நூல், மருத்துவக் குறிப்பு, பாட்டு யாவும் இதிலே எழுதப்பட்டன.

பள்ளி ஆசிரியன் என்ற முறையிலே எனக்கு இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. குர்ஆன் பள்ளிக்கூடத்திலே எழுத்துக்கூட்டி ஓதப் பழகிய பெண்கள் பலர், தமிழ் அரிச்சுவடியைத் தொட்டதே இல்லை. ஆயினும் அவர்கள் அரபுத் தமிழ் நூல்களைப் படித்தனர். அதாவது, ஓர் எழுத்தைக் கற்ற பயனால் தம் தாய்மொழியிலேயே வாசகர் ஆயினர். எழுத்தறிவுக் கணக்கு எடுத்தவர்கள் இவர்களை எந்தப் பக்கத்திலே சேர்த்தனரோ!

இத்துறையிலே பெரும்பணி ஆற்றியவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம். 1816இல் காயல்பட்டினத்திலே பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த அவர், இலங்கைக்கும் பலமுறை வந்து சென்றவர். அரபிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் இயற்றினார். 1898இல் அவர் மறைந்தார். அதே ஆண்டிலே இலங்கையில் மறைந்த மற்றொருவர் அறிஞர் சித்திலெப்பை.

கண்டியிலே 1838இல் பிறந்த சித்திலெப்பை ஒரு வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அவரது 'அசன்பேயுடைய கதை', தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று என்பதை இலக்கிய மாணவர் அறிவர். ஆனால் அவர் அரபு கற்போர்க்கென 'துஹ்பத்துன் நஹ்வு' என்னும் இலக்கண நூலை எழுதியதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. பொருள் தெரியாமல் ஓதுவதோடு அரபுக் கல்வி நின்றுவிடலாகாது; இலக்கணத்தோடு கற்கவேண்டும்; அதனோடு ஆங்கிலமும் பிற கலைகளும் கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்காலத்திலே அவருக்கு எதிர்பாராத துணை ஒன்று கிடைத்தது. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் அகமது ஒறாபி பாஷா, தோழர் அறுவரோடு 1883 சனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்து, 1901இலே தாயகம் திரும்பினார். கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக உள்ளது. புதிய அரபுக் கவிதையின் முன்னோடி எனப்படும் மஹ்மூது சாமி அல்பாரூதியும் அவ்வெழுவருள் ஒருவரே. சித்திலெப்பை முதலியோர் 1884இல் கொழும்பிலே பள்ளிக்கூடம் அமைத்தபோது ஒறாபி பாஷாவின் ஊக்கம் அவர்களுக்கு இருந்தது. 1892இல் தொடங்கிய கல்லூரியே இன்றைய சாஹிராக் கல்லூரி. சிறை வைக்க அனுப்பப்பட்டவர் பள்ளிக்கூடத்துக்கு வித்திட்டுச் சென்றது பேரரசின் கணக்கில் வராத செலவு.

பிற்காலத்தை விரைந்து கடக்கலாம். தமிழ் அச்சு பெருகப் பெருக அரபுத் தமிழ் அருகியது. அரபுக் கல்லூரிகள் பல ஊர்களிலே எழுந்தன. 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா நிறுவப்பட்டது. பேராதனையிலும், பின்னர் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அரபு உயர்கல்விப் பாடமாயிற்று. வானொலியும் ஆசிரியர் ஆனது. 1960களில் கெய்ரோ வானொலி, அரபு அறியாத நேயர்க்கென மொழிப் பாடங்களை ஒலிபரப்பி, அவற்றுக்குத் துணையாகச் சிறு நூல்களையும் வெளியிட்டது. புத்தகத்தைக் கையிலே வைத்துக்கொண்டு காதாலே பாடங் கேட்கும் முறை அன்றே வந்துவிட்டது. இன்றைய கைத்தொலைபேசிப் பாடங்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். நம் பெண்கள் விமானம் ஏறினர். 1985இலே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. புறப்படுமுன் அளிக்கப்படும் பயிற்சியிலே அரபுச் சொற்களும் இடம்பெற்றன. வாணிகரும் ஆலிம்களும் கற்ற மொழியை இப்போது கற்றவர்கள் தோட்டத்துப் பெண்களும் கிராமத்துப் பெண்களும். அவர்களுக்குக் கிடைத்தது எத்தகைய அரபு?

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2005இலே சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற சில வாரங்களில், அவரது பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. அவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. தமிழ் மட்டுமே அறிந்த அப்பெண்ணின் வாக்குமூலம் தகுதி வாய்ந்த மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பெறப்பட்டது என்று மனித உரிமை அமைப்புக்கள் எடுத்துரைத்தன. 2013 சனவரி 9ஆம் நாள் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இரு மொழிக்கும் ஒரே எழுத்தை ஆக்கிப் பயன்படுத்திய ஒரு மக்கட் கூட்டத்தின் பெண், நடுவிலே நின்று சொல்லுக்குச் சொல் எடுத்துரைப்பார் இன்றி நின்றார்.

நான் ஐம்பது வயதைக் கடந்து அரபு கற்கத் தொடங்கியது இவற்றையெல்லாம் எண்ணித்தான். மௌலவி ஆசிரியர் எனக்குக் கொடுத்த பாடநூல், வி. அப்துர் ரஹீம் என்னும் அறிஞர் எழுதியது. 1933இலே தமிழகத்து வாணியம்பாடியிற் பிறந்து, மதீனாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து, 2023இல் மறைந்தவர் அவர். அரபு நாட்டவர் அல்லாதார்க்கென அவர் எழுதிய பாடங்கள் உலகெங்கும் வழங்குகின்றன. மஅபர்க் கரைக்கு அப்பால் பிறந்த ஒருவர் உலகுக்கு அரபு கற்பிக்க நேர்ந்தது வரலாற்றின் இனிய திருப்பம். முதற்பாடம் 'இது வீடு' என்று தொடங்குகிறது.

தொடக்கத்திலே கை வலமிருந்து இடம் செல்ல மறுத்தது. சொல்லின் முதலில் ஓர் உருவம், இடையில் ஓர் உருவம், கடையில் ஓர் உருவம் என எழுத்துக்கள் வேடம் மாற்றின. ஆயினும் வேர்ச்சொல் முறை தெரிந்ததும் இன்பம் பிறந்தது. எழுதுதல் என்னும் பொருளுடைய மூன்று மெய்யெழுத்துக்களிலிருந்து கிதாப் (நூல்), காதிப் (எழுதுபவர்), மக்தபா (நூலகம்) எல்லாம் கிளைக்கின்றன. வக்கீல், கைதி, அசல், நகல், பாக்கி, வசூல் என்று நாம் நாள்தோறும் வழங்குபவை அரபு மூலத்தன என்றும் அறிந்தேன். அவற்றுள் பெரும்பாலானவை கச்சேரியையும் கடனையும் சார்ந்தவை என்பது சிந்திக்கத்தக்கது. ளாத் என்னும் எழுத்தாலேயே அரபு தன்னைப் பெருமையாகக் குறித்துக்கொள்ளும். அந்த எழுத்து வரும் ரமழான் என்னும் சொல்லை நம்மவர் ழகரம் இட்டு எழுதுகின்றனர். நம் பெருமைக்குரிய எழுத்தை அவர்களின் பெருமைக்குரிய எழுத்துக்கு ஈடாக வைத்த அந்த முதல் எழுத்தாளர் யாரோ, அவர் காது கூரியது.

கைத்தொலைபேசியிலே ஒலிப்பதிவைக் கேட்டேன். ஐன் என்னும் எழுத்து மட்டும் என் தொண்டைக்கு வசப்படவில்லை. ஒரு நாள் அந்த மாணவியின் தாயார் வந்திருந்தபோது அதைச் சொன்னேன். அவர் சற்றும் தயங்காமல் அதைப் பிழையின்றி ஒலித்துக் காட்டினார். வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். 'தஆலீ' என்றார், வா என்பது பொருள். முதல் மாதம் முழுவதும் அது தம் காதிலே 'தாலி' என்றே விழுந்ததாகச் சொல்லிச் சிரித்தார். போ, கொண்டுவா, கழுவு, விரைவாக என்று அடுக்கினார். அத்தனையும் ஏவல், அத்தனையும் பெண்பால் வடிவம். 'நான் வருகிறேன்' என்பதற்கு அரபு என்ன என்று வினவினேன். அவருக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் கேட்டதெல்லாம் அவரை நோக்கிச் சொல்லப்பட்டவையே. அவர் சொல்லவேண்டியவற்றை ஒருவரும் கற்பிக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளிலே பள்ளி முடிந்த பின்னர் ஒரு மணிநேரம் நாங்கள் அப்பாடநூலைப் பார்க்கிறோம். அந்த அம்மையாரும், வெளிநாடு செல்ல எண்ணியிருக்கும் இரு இளம்பெண்களும் வருகின்றனர். எழுத்துக்கு நான், ஒலிக்கு அவர். தன்மை இடத்து வினைகளைச் சென்ற வாரந்தான் தொடங்கினோம். அந்தப் பழைய ஒப்பந்தத்தையும் கொண்டுவந்து, ஓய்வு நாளைப் பற்றிய வரியை அவரே விரல் வைத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு சொற்கள் தடுமாறின. மூன்றாவது சொல் 'யவ்ம்'. நாள் என்று பொருள். அதை இருமுறை உரத்துப் படித்தார்.