தடிப்பின் விலை: தென்காசி வட்டாரத்தில் பாலிமர் ஏரோஜெல்லுக்கு உரிய இடம்

அச்சன்புதூர் போன்ற மலையடிவார ஊரில் சித்திரை வெயிலைத் தாங்க, காங்கிரீட் கூரைமேல் ஏரோஜெல் பரப்பலாமா? பரப்பலாம், ஆனால் அது வீண்செலவு என்பதே இக்கட்டுரையின் வாதம். தடிப்புக்கும் எடைக்கும் விலை கொடுக்க வேண்டிய இடத்தில்தான் இப்பொருள் தன் விலைக்கு ஈடுசெய்யும்.

1931இல் சாமுவேல் கிஸ்லர் கூழ்மத்திலுள்ள நீர்மத்தை நீக்கி, அதன் எலும்புக்கூட்டை மட்டும் சிதையாமல் நிறுத்திக் காட்டினார். சிலிக்காவோடு ஜெலட்டின், அகர், முட்டை வெண்கரு ஆகியவற்றையும் அவர் முயன்றதால், பாலிமர் ஏரோஜெல்லின் வரலாறும் அங்கேயே தொடங்குகிறது. சிலிக்கா ஏரோஜெல் எளிதில் நொறுங்கும். நாசாவின் கிளென் ஆய்வு மையம் உருவாக்கிய பாலிஇமைடு ஏரோஜெல் வளைந்து கொடுக்கும்.

ஏரோஜெல்லின் காப்புத்திறனுக்குக் காரணம் அதன் துளையின் அளவு. காற்று மூலக்கூறின் சராசரி மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 70 நானோமீட்டர். துளை அதனினும் சிறிதானால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி வெப்பத்தைக் கைமாற்றுவது குறைகிறது. அசைவற்ற காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.026 வாட்/மீட்டர்-கெல்வின், நல்ல ஏரோஜெல்லுக்கு அது 0.015 அளவுக்கு இறங்குகிறது. பாலியூரித்தேன் நுரைக்கு 0.024, தெர்மாக்கோலுக்கு 0.035 எனக் கொள்ளலாம்.

இந்த எண்களின்படி 3 செ.மீ. ஏரோஜெல்லும் 7 செ.மீ. தெர்மாக்கோலும் வெப்பத்தைச் சமமாகத் தடுக்கும். மொட்டைமாடியில் கூடுதலாக 4 செ.மீ. உயர்வதால் யாருக்கும் இழப்பில்லை. மேலும், கூரையின் முதற்சிக்கல் நேரடி வெயில். அதைத் திருப்பியனுப்ப வெள்ளைப் பூச்சே போதிய தொடக்கம்.

தடுப்பூசிப் பெட்டியில் கணக்கு மாறுகிறது. வெளிப்பக்கம் 40 செ.மீ. கொண்ட கனசதுரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 7 செ.மீ. தெர்மாக்கோல் சுவரானால் உள்ளே 17.6 லிட்டர் இடம் மிஞ்சும். அதே காப்புக்குப் பாலியூரித்தேன் சுவரானால் 28 லிட்டர், ஏரோஜெல் சுவரானால் 39 லிட்டர். உட்பரப்பு கூடுவதால் உட்புகும் வெப்பமும் கூடும் என்பது உண்மையே. கொள்ளளவின் ஆதாயம் அதைவிடப் பெரிது.

இந்தத் தர்க்கம் உச்சம் பெறும் இடம் தென்காசிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், 2017 பிப்ரவரியில் எல்விஎம்3 ஏவுகலத்தின் கிரையோஜெனிக் நிலை 640 வினாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. அதில் எரியும் திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். மேல்நிலையில் குறையும் ஒவ்வொரு கிலோ எடையும் செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் என்பதால், அங்கே காப்புப் பொருளின் விலையைவிட அதன் எடையே பெரிது.

உள்ளூர் மூலப்பொருளுக்கும் வாய்ப்புண்டு. எலுமிச்சை போன்ற பழங்களின் தோலில் பெக்டின் மிகுதி. பெக்டின் ஏரோஜெல்லின் கடத்துதிறன் 0.016 முதல் 0.020 வரை என்று 2014இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டினர். எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே இரு தடைகள் உள்ளன. முதலாவது உலர்த்தும் முறை: துளைகள் சிதையாதிருக்க, கூழ்மத்தின் நீர்மத்தை நிலைமாறு நிலையைத் தாண்டிய கார்பன் டைஆக்சைடால் நீக்க வேண்டும். கார்பன் டைஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி. அது தென்காசியின் சாதாரணப் பகல் வெப்பமே. செலவு வைப்பது 74 பார் என்ற நிலைமாறு அழுத்தம். இரண்டாவது தடை ஈரம். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் சாரல்காற்று பெக்டின் போன்ற நீர்நாட்டப் பொருளுக்குப் பகை. 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் தங்கிய நீர் உலரும்போது, பரப்பு இழுவிசை ஏறத்தாழ 140 வளிமண்டல அழுத்தத்தோடு சுவர்களை இழுக்கும். துளைகள் நொறுங்கிக் காப்பும் போய்விடும்.

ஆகவே வறண்ட ஆய்வகத்தில் அளந்த கடத்துதிறனை மட்டும் வைத்து இவ்வட்டாரத்துக்குப் பொருள் தேர்வது பிழையாகும். நெல்லை, தென்காசிக் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் நீர்விலக்கும் பூச்சிட்ட பெக்டின் ஏரோஜெல்லை ஒரு முழுச் சாரல் பருவம் வெளியில் வைத்து அளக்க வேண்டும். அதில் தேறினால் முதலில் தடுப்பூசிப் பெட்டிக்குப் போகட்டும். கூரைக்குத் தெர்மாக்கோலும் வெள்ளைப் பூச்சும் போதும்.