சட்டம் கேட்கும் சோஷலிஸம்

இந்தியாவில் ஒரு கட்சி தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற வேண்டுமானால் அது சோஷலிஸத்தில் விசுவாசம் உள்ளதாக இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு அப்படிச் சொல்கிறது. சோஷலிஸம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளில் உண்மையான பற்று உண்டென்று கட்சி தன் விதிகளிலேயே எழுதித் தரவேண்டும். 1989 ஜூன் 15 முதல் இது அமலில் இருக்கிறது. நம் அரசியல் விமர்சகர்கள் இதைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா, சோஷலிஸம் என்ற சொல்லை முதல் ஷரத்திலேயே சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். சமூகத்தின் பொருளாதார அமைப்பைக் காலத்துக்கேற்ப மக்களே தீர்மானிக்க வேண்டும், அதை அரசியல் சட்டத்தில் எழுதி வைப்பது ஜனநாயகத்தையே அழிப்பதாகும் என்பது அவர் வாதம். அவர் சோஷலிஸத்தின் விரோதி அல்ல. வழிகாட்டு நெறிகளில் அதன் சாரம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொன்னார். ஜனநாயகம் விவாதம் நடக்கும் களம். சோஷலிஸம் அந்தக் களத்தில் நிற்கும் ஒரு தரப்பு. இந்த வேறுபாடு அவருக்குத் தெளிவாக இருந்தது.

அந்தக் களமும் உண்மையிலேயே இருந்தது. 1955இல் ஆவடி காங்கிரஸ் சோஷலிஸ பாணிச் சமுதாயத்தை லட்சியமாக ஏற்றது. 1959இல் அதே சென்னையில் ராஜாஜி அதை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். மன்னர்களும் நிலச்சுவான்தார்களும் நிறைந்த அந்தக் கட்சியிடம் எனக்கு எந்த மோகமும் இல்லை. ஆனால் 1967இல் 44 இடங்களுடன் மக்களவையில் காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாக இருந்தது அதுதான். 29அ அன்று இருந்திருந்தால், ராஜாஜி பொய் எழுதித் தந்துதான் கட்சியைப் பதிவு செய்திருக்க முடியும்.

1976இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது, 42ஆவது திருத்தம் அந்தச் சொல்லை முகவுரையில் சேர்த்தது. பதின்மூன்று வருஷங்களில் அது கட்சிகளின் பிரமாணமும் ஆயிற்று. பிரமாணத்தைக் கொண்டுவந்த காங்கிரஸே 1991 ஜூலையில், இரண்டே வருஷங்களில், தாராளமயத்துக்குத் திரும்பியது. பிரமாணம் மட்டும் அப்படியே இருக்கிறது. பாரதிய ஜனதாவின் விதிகளிலும் அது இருக்கிறது. மார்க்ஸிஸ்ட் கட்சியும் அதற்குக் கட்டுப்பட்டதே.

இங்கே இன்னொரு பிரமாணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 1963இல் 16ஆவது திருத்தம் வேட்பாளர்களிடம் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி கேட்டது. அண்ணாதுரை மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார், பிறகு தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அந்த முடிவைக் குறை சொல்லலாம், பாராட்டலாம். ஆனால் அங்கே ஒரு கட்சி தன் கொள்கையும் பிரமாணமும் முரண்படுவதை உணர்ந்தது, ஒன்றைத் தேர்ந்துகொண்டது. சொல்லுக்கு அப்போது கனம் இருந்தது. 1989க்குப் பிறகு பெரிய கட்சி எதற்கும் அந்தச் சங்கடமே நேரவில்லை.

வங்கியில் நான் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிறேன். ஒத்துப்போனால் போதும், போட்டவர் மனசு எனக்கு அவசியமில்லை. ஆணையத்தின் வேலையும் இதுவே ஆகிவிட்டது. பணத்துக்கு இது சரி. கொள்கைக்கு இது சரியாகாது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முகவுரையிலுள்ள அந்தச் சொல் நல அரசு என்ற பொருளுடையது, எந்த அரசின் பொருளாதாரக் கொள்கையையும் அது கட்டுப்படுத்தாது என்று விளக்கியது. எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்படி ஒரு சொல்லை விரித்தால் யாருக்கும் அது உரியதாக இருக்காது. இதில் முதலில் கோபப்பட வேண்டியவர்கள் இடதுசாரிகள். அவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த சொல்லை எல்லோரும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அதை எதிர்க்க விரும்புகிறவனுக்கோ பொய் சொல்லாமல் கட்சியைப் பதிவு செய்ய வழி இல்லை.