நகர நெரிசலும் கொம்யூன் நிலமும்: சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் சாலை விவாதத்தை வில்லியனூர், பாகூரிலிருந்து வாசித்தல்

1. சிக்கல்

நகர விரைவுச்சாலை ஒன்று கைவிடப்படும்போது எழும் விவாதம் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி, வண்டிகள் நிற்கும் நேரத்தையும் வீணாகும் டீசலையும் கணக்குக் காட்டும். மறு கட்சி ஆற்றையும் மரத்தையும் குடியிருப்பையும் முன்வைக்கும். நெரிசலில் நிற்கும் வண்டி எந்த ஊரிலிருந்து புறப்பட்டது, எங்கே போகிறது என்று இரு தரப்பும் அதிகம் கேட்பதில்லை. சென்னையில் ஒரு சாலை நின்றுபோய் மீண்டும் எழுந்த வரலாற்றைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களோடு (பிரெஞ்சு ஆட்சியில் உருவான உள்ளாட்சிப் பிரிவுகளோடு) சேர்த்துப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது புலப்படும். அதைக் கேட்கும் அதிகாரம் கொம்யூனுக்கு இல்லாமல் போனதே இன்றைய குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. மதுரவாயல் தரும் பாடம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை 19 கி.மீ. பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தேவை உண்மையானது. பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை இருந்ததால், கன்டெய்னர் லாரிகள் இரவுக்காகக் காத்துக் கிடந்தன. தூண்கள் எழத் தொடங்கிய பின், 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. கூவம் ஆற்றுக்குள் தூண்கள் அமைவதால் நீரோட்டம் தடைபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தும் வேலை நகரவில்லை. பாதியில் நின்ற தூண்கள் ஆண்டுக்கணக்கில் கூவக்கரையில் அப்படியே நின்றன. 2022 மே மாதம் சுமார் 20.5 கி.மீ. நீள ஈரடுக்குச் சாலையாக, ஏறத்தாழ 5,850 கோடி ரூபாய் மதிப்பீட்டில், அதே திட்டத்துக்கு மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்த 13 ஆண்டு விவாதம் தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதையே சுற்றிவந்தது. நகரின் நடுவே உள்ள துறைமுகத்துக்கு இத்தனை கன்டெய்னர்கள் வரத்தான் வேண்டுமா, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் எவ்வளவு சுமையை ஏற்கலாம் என்ற கேள்விகள் ஓரமாகவே நின்றன. ஆனாலும் புதிய வடிவத்தில் ஒரு முன்னேற்றம் இருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து கடற்படைத் தளம் வரை கீழ்த்தளம் உள்ளூர் வண்டிகளுக்கு, மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு எனப் பிரிக்கப்பட்டது. கடந்துபோகும் வண்டியும் உள்ளூர் வண்டியும் ஒன்றல்ல என்பதைத் திட்டமே ஒப்புக்கொண்டது, மிகத் தாமதமாக.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? உள்ளூர் ஓட்டத்தின் நெரிசலைப் புதிய சாலை மட்டும் தீர்க்காது. அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962இலேயே, உச்ச நேர நெரிசல் புதிய சாலையின் முழுக் கொள்ளளவு வரை வளர்ந்துவிடும் என்று வாதிட்டார். 2011இல் ஜில் டுரான்டன், மேத்யூ டர்னர் இருவரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளைக் கொண்டு, சாலை நீளம் கூடும் அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டினர். மாறாக, சியோல் நகரம் சொங்கேசொன் ஓடைமேல் இருந்த மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையை மீட்டது. பேருந்துத் தடங்களையும் கூடவே சீரமைத்ததால் நகரம் முடங்கவில்லை.

3. வில்லியனூர் சாலையின் இரண்டு ஓட்டங்கள்

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலத்தொகுதி அல்ல; தமிழ்நாட்டு எல்லை இடையிடையே புகுந்து பிரிக்கும் துண்டுகளின் தொகுப்பு. பாகூர் வண்டி நகருக்குக் கடலூர் சாலையில் வரும். வில்லியனூர் வண்டி விழுப்புரம் சாலையில் வரும். இரண்டும் நகரில் வந்து நெருக்குவது இந்திரா காந்தி சதுக்கத்தையும் அதையொட்டிய சாலைகளையும்.

2025 அக்டோபர் 13 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, புதுச்சேரி–பூண்டியாங்குப்பம் இடையே 38 கி.மீ. நான்குவழிச் சாலையைத் திறந்துவைத்தார். மதிப்பு 1,588 கோடி. அதே நாளில் இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையே சுமார் 4 கி.மீ. மேம்பாலச் சாலைக்கு, 436 கோடி மதிப்பீட்டில், அடிக்கல் நாட்டினார். ஒன்று கிராமப்புறத்தின் வழியே நகரைத் தவிர்க்கும் சாலை. மற்றது நகருக்குள்ளேயே உயரும் சாலை.

முதலாவது நியாயமானது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் போகிற லாரிக்குப் புதுச்சேரி நகரில் எந்த வேலையும் இல்லை. அதை வெளியே திருப்பியது சரி. இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. காலை எட்டரை மணிக்கு வில்லியனூர் சாலையை நிறைப்பவை கல்லூரிப் பேருந்துகள், பள்ளி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், வேலைக்குப் போகிறவர்களின் டூவீலர்கள். ரயிலுக்காகக் கேட் போட்டால் இருபுறமும் டூவீலர்கள் சாலையின் முழு அகலத்துக்கும் பரவி நிற்கும். கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். இவர்கள் நகரைக் கடப்பவர்கள் அல்லர், நகரத்துக்கே வருகிறவர்கள். இரண்டு சதுக்கங்களுக்கு இடையிலான மேம்பாலம் இவர்களை அடுத்த சிக்னலுக்குச் சற்று முன்னதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879 முதல் இருக்கிறது. புதுச்சேரிக்கு முந்தைய நிலையம் வில்லியனூர். அலுவலக நேரத்தில் அடிக்கடி ஓடும் உள்ளூர் ரயிலாக அந்தப் பாதை பயன்படவில்லை. பாகூருக்கோ ரயிலே கிடையாது. கடற்கரையோரமாகக் கடலூர் வரை வர வேண்டிய பாதை நெடுங்காலமாகத் திட்ட அளவிலேயே இருக்கிறது.

4. நிலமும் நீரும்

நகரைத் தவிர்க்கும் சாலையும் நிலத்தையும் நீரையும் பார்த்தே போடப்பட வேண்டும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. ஏரி வயலுக்கும், வயல் கீழ்வயலுக்கும், வடிகால் கடலுக்குமாகத் தண்ணீரைக் கடத்துகிற இந்தச் சமதளத்தில் உயர்ந்த மண்கரையோடு நான்குவழிச் சாலை போடுவது சாதாரண வேலை அல்ல. மதகு எங்கே, கல்வெர்ட் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து ஒரு பக்க வயல் மூழ்கும், மறு பக்க வயல் காயும். நிலம் சாலைக்கு இருபுறமாகப் பிரிந்த உழவர், டிராக்டரை எதிர்ப்புறம் கொண்டுபோகச் சர்வீஸ் ரோட்டில் சுற்றி அண்டர்பாஸைத் தேட வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலால் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகியபோது பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் போகும் வழியை அறியாமல் இங்கே சாலை வரையக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

5. கேட்பதற்கு ஒரு மன்றம்

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956இன் 3சி பிரிவு, அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் அந்த நிலத்தில் உரிமை உள்ளவர் ஆட்சேபம் சொல்ல இடம் தருகிறது. நிலம் போகாமல் தண்ணீர் மட்டும் போகிற கீழ்வயல்காரருக்கு அதில் இடமில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலைகளுக்கும் வந்தன. அச்சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு வரவில்லை. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கிலும், நிலத்துக்கான முதல் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை என்று 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது.

சட்டம் விட்ட இடத்தை உள்ளாட்சி நிரப்பியிருக்கலாம். 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி வில்லியனூரும் பாகூரும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தோடு கூடிய கொம்யூன்கள் ஆயின. விடுதலைக்குப் பின்னரோ, புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இலும் 2006இலும் மட்டுமே நடந்தது. 2011இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தபின் தேர்தலே இல்லை. நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப்பட்ட ஆண்டுகளில் கொம்யூன் அலுவலகம் இருந்தது, ஆணையர் இருந்தார். ஊர் சார்பாகக் கேள்வி கேட்கும் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

தேர்தலை எதிர்பார்த்து நின்றால் வளர்ச்சி தள்ளிப்போகும் என்பார்கள். மதுரவாயலில் 13 ஆண்டுகள் தள்ளிப்போனது மக்களைக் கேட்டதால் அல்ல. கேட்க வேண்டியதை அடிக்கல் நாட்டும் முன் கேட்காததால்.

ஆகவே மூன்று செயல்கள் உடனடித் தேவை. மேம்பாலத்துக்குத் தூண் எழும் முன், சதுக்கங்களுக்கு வரும் வண்டிகளின் புறப்பாடும் சேருமிடமும் கணக்கெடுக்கப்பட்டுத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். அந்தக் கணக்கு உள்ளூர்ப் பயணமே மிகுதி என்று காட்டினால், முதல் ரூபாய் வில்லியனூர் ரயிலுக்கும் பாகூர்ப் பேருந்துக்கும் போக வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் உடனே நடத்தப்பட வேண்டும். கணக்கும் மன்றமும் இல்லாத நிலையில் ஒரு சாலையைக் கட்டுவதும் ரத்து செய்வதும் ஒரே தரமான முடிவுகள்தாம். இரண்டுக்கும் ஊரின் ஒப்புதல் இல்லை.